மன்றச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதம் ஒரு தலைப்பு என்று நுனிப்புல் மேய்வதை விட்டு, ஆண்டு முழுக்க ஒரே பொருளைப் பேசுவது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவானது. இனப்பாகுபாட்டை எதிர்த்து உலக நாடுகள் சேர்ந்து என்ன செய்தன என்பதை எடுத்துக்கொண்டோம். "இதற்கும் நம்ம ஊருக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று பொருளாளர் அன்றே கேட்டார். அவர் கேட்டது நடவடிக்கைக் குறிப்பேட்டில் பதிவாகியிருக்கிறது.

பன்னிரண்டு கூட்டங்கள் நடந்திருக்க வேண்டும், நடந்தவை ஒன்பது. ஒன்றை மழை கெடுத்தது. ஒன்று கோயில் திருவிழாவோடு மோதியது. இன்னொன்று என் மகள் கல்யாணத்தால் நின்றது, அதற்கு நானே பொறுப்பு.

முதல் கூட்டத்தை ஜெர்மனியின் கொலோன் நகரத்திலிருந்து தொடங்கினோம். போருக்குப் பின் மீண்டும் கட்டித் திறந்து சில மாதங்களே ஆகியிருந்த யூதர் ஜெபக்கூடத்தின் சுவரில், 1959 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு யாரோ நாஜிகளின் ஸ்வஸ்திகாவை வரைந்தார்கள். அடுத்த சில வாரங்களில் பல நாடுகளின் சுவர்களிலும் அதே குறி முளைத்தது. ஹிட்லர் செத்துப் பதினைந்து வருடம்கூட ஆகவில்லை. ஐ.நா.வில் அப்போது எழுந்த பேச்சுதான் கடைசியில் 1965 டிசம்பர் 21 அன்று இனப்பாகுபாடு ஒழிப்பு உடன்படிக்கையாக நிறைவேறியது. இனத்துக்கு ஒன்று, மதத்துக்கு ஒன்று என இரண்டு உடன்படிக்கைகள் போடுவதாகத்தான் 1962-இல் திட்டம். மத விஷயத்தில் நாடுகளுக்குள் இழுபறி நீண்டு, 1981-இல் ஒரு பிரகடனத்தோடு நின்றுவிட்டது.

இந்த உடன்படிக்கையின் 4-ஆம் பிரிவு, ஓர் இனம் இன்னோர் இனத்தைவிட உயர்ந்தது என்று பிரசாரம் செய்வதைக் குற்றமாக்கச் சொல்கிறது. அப்படிப்பட்ட அமைப்புகளையும் தடை செய்யச் சொல்கிறது. 1994-இல் உடன்படிக்கையை ஏற்ற அமெரிக்கா, பேச்சுரிமையைக் காரணம் காட்டி இந்தப் பிரிவுக்குக் கட்டுப்பட மாட்டோம் என்று ஒதுங்கிக்கொண்டது. நம் வழக்கறிஞர் உறுப்பினர் அமெரிக்கா சொன்னதே சரி என்றார். "யார் பேசலாம், யார் பேசக்கூடாதுன்னு அரசாங்கம் முடிவு பண்ண ஆரம்பிச்சா, சர்வாதிகாரம் அந்த வழியாவே உள்ளே வரும்" என்பது அவர் வாதம். ஜெர்மனியில் பேசவிட்டதால்தானே நாஜிகள் வளர்ந்தார்கள் என்றது எதிர் அணி. இரவு ஒன்பதரைக்கு வாட்ச்மேன் வந்து விளக்கை அணைத்ததால் கூட்டம் முடிந்தது.

அடுத்த நான்கு கூட்டங்களும் தென்னாப்பிரிக்காவிலேயே கழிந்தன. 1946-இல், இந்தியா சுதந்திரம் அடைவதற்கு முன்பே, அங்குள்ள இந்தியர்களின் நில உரிமையைப் பறித்த சட்டத்தை எதிர்த்து ஐ.நா. பொதுச்சபையில் புகார் கொடுத்தது. வாதாடியவர் விஜயலட்சுமி பண்டிட். எதிரே இருந்தவர் தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஸ்மட்ஸ். அது எங்கள் உள்நாட்டு விவகாரம், நீங்கள் தலையிட முடியாது என்பது அவருடைய வாதம். இதில் வேடிக்கை என்னவென்றால், அதற்கு முந்தைய ஆண்டு எழுதப்பட்ட ஐ.நா. சாசனத்தின் முகவுரை, அடிப்படை மனித உரிமைகளைப் பற்றிய பேச்சு உட்பட, இதே ஸ்மட்ஸின் வரைவிலிருந்து வந்தது. தான் எழுதியதே தன் கழுத்தைச் சுற்றியது. 32 நாடுகள் ஆதரித்தன, 15 எதிர்த்தன; தீர்மானம் நிறைவேறியது.

1960 மார்ச் 21-இல் ஷார்ப்வில்லில், கறுப்பின மக்கள் எப்போதும் அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்ற கடவுச் சட்டத்தை எதிர்த்துத் திரண்ட கூட்டத்தைப் போலீஸ் சுட்டதில் 69 பேர் இறந்தார்கள். ஆண்டுதோறும் அந்த நாளை இனப்பாகுபாடு ஒழிப்பு நாளாக உலகம் நினைவுகூர்கிறது. 1977-இல் பாதுகாப்புச் சபை தென்னாப்பிரிக்காவுக்கு ஆயுதம் விற்பதைத் தடை செய்தது. ஆனால் நம் உறுப்பினர்களை இழுத்தது இந்தத் தீர்மானங்கள் அல்ல. டப்ளின் நகரத்துக் கடையொன்றில் பில் போடும் பெண் மேரி மேனிங், 1984-இல் தென்னாப்பிரிக்கப் பழத்துக்குப் பில் போட மாட்டேன் என்றார். வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். சக ஊழியர்கள் சிலர் அவரோடு வெளியே வந்தார்கள். வேலைநிறுத்தம் மூன்று ஆண்டை நெருங்கியது. முடிவில் அயர்லாந்து அரசே தென்னாப்பிரிக்கக் காய்கனி இறக்குமதியைத் தடை செய்தது. "எத்தனை பேருங்க அவங்க?" என்று மளிகைக்கடை வைத்திருக்கும் உறுப்பினர் இரண்டு தடவை கேட்டார். பத்துப் பன்னிரண்டு பேர்தான் என்றதும் நம்பவில்லை.

1974 டேவிஸ் கோப்பை டென்னிஸ் போட்டியைப் பற்றி ஓய்வுபெற்ற தபால் அதிகாரி பேசினார். சோவியத் யூனியனைத் தோற்கடித்து இந்தியா இறுதிக்கு வந்தது. எதிரணி தென்னாப்பிரிக்கா. ஆட மாட்டோம் என்றது இந்தியா. கோப்பை ஆடாமலேயே அவர்களுக்குப் போனது. நம் சென்னைப் பையன்கள் விஜய், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள் கையில் வர வேண்டியது என்று சொல்லும்போது, அரை நூற்றாண்டு கழித்தும் அவர் குரல் கம்மியது. செய்தது சரிதான் என்றும் அவரே சொன்னார்.

தில்லையாடிக்கு வேன் எடுத்துக்கொண்டு பதினேழு பேர் போய்வந்தோம். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, பெற்றோரின் ஊரான தில்லையாடியைக் கண்ணால் பார்க்காமலே, சத்தியாகிரகத்தில் சிறை சென்று, காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22-இல் பதினாறு வயதில் இறந்தவர் வள்ளியம்மை. நினைவு மண்டபத்தில் நெடுநேரம் இருந்தோம். திரும்பும் வழியில் டயர் பஞ்சர். அதற்கான செலவு கணக்கில் உள்ளது.

இனி மார்ச் கூட்டம். இதைப் பற்றி உறுப்பினர்களிடையே வெவ்வேறு விதமாகப் பேச்சு ஓடுவதால் நடந்ததை அப்படியே பதிவு செய்கிறேன். உடன்படிக்கையின் முதல் பிரிவு இனம், நிறம், வம்சாவளி, தேசிய அல்லது இனக்குழுப் பிறப்பு என்று பட்டியலிடுகிறது. "வம்சாவளி" என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னது இந்தியா. அதே சொல்லுக்குள் சாதியும் அடங்கும் என்று உடன்படிக்கையைக் கண்காணிக்கும், ஜெனீவாவில் உள்ள 18 நிபுணர்கள் கொண்ட ஐ.நா. குழு 1996-இல் இந்தியாவிடம் சொன்னது. 2002-இல் எல்லா நாடுகளுக்கும் பொதுவாகவே எழுதிவைத்தது. இந்தியா ஏற்கவில்லை. இனவெறிக்கு எதிராக ஐ.நா. கூட்டிய 2001 டர்பன் மாநாட்டின் பிரகடனத்திலும் சாதி என்ற சொல் வராமல் பார்த்துக்கொண்டது.

சாதி என்பது இனம் அல்ல என்று அம்பேத்கரே எழுதியிருக்கிறாரே என்றார் தலைமையாசிரியர். எழுதியிருக்கிறார்தான். ஆனால் 1946-இல், அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்கு அனுப்பிய மனுவின் நகலைக் கேட்டு அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதியவரும் அதே அம்பேத்கர்தான். ஸ்மட்ஸைப் பார்த்துச் சிரித்த நாம், வம்சாவளிக்கு வந்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். அதன் பிறகு, சிறுவயதில் டீக்கடையில் தனக்கென்று தனிக் குவளை இருந்ததையும், குடித்துவிட்டுத் தானே கழுவிக் கவிழ்த்ததையும் ஓர் உறுப்பினர் சொன்னார். எந்தக் கடை என்று யாரும் கேட்கவில்லை. எங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். பொருளாளர் தம் பழைய கேள்வியை அன்று எழுப்பவில்லை.

இந்தக் கூட்டம் வழக்கமான மண்டபத்தில் நடக்கவில்லை. அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்த மண்டபத்துக்காரர், அன்று வேறு நிகழ்ச்சி இருப்பதாகச் சொல்லிவிட்டார். மண்டபம் அன்று பூட்டித்தான் கிடந்தது. ஓர் உறுப்பினர் வீட்டு மொட்டை மாடியில், கொசுக்கடிக்கு நடுவே, வழக்கத்தைவிடக் கூடுதலானோர் வந்து உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகு இருவர் சந்தா புதுப்பிக்கவில்லை. காரணம் எழுதிக் கொடுக்காததால் நானும் ஊகித்து எழுதவில்லை.

நூலகத்துக்கு நாற்பது புத்தகங்கள் சேர்ந்துள்ளன. எடுத்துப் போன ஒன்பது திரும்பவில்லை. எடுத்தவர்கள் இந்த அவையில்தான் இருக்கிறார்கள்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஒன்றை மட்டும் சொல்கிறேன். மார்ச் மாதத்துக்கு மண்டபத்தில் கட்டிய முன்பணம் 500 ரூபாய் இன்னும் வரவில்லை. இனி வராது, வராக்கடனாகத் தள்ளிவிடலாம் என்றார் தணிக்கை பார்த்தவர். வேண்டாம், வரவேண்டிய பாக்கி என்றே எழுதுங்கள் என்று சொன்னவர் பொருளாளர். நிர்வாகக் குழுவும் ஒப்புக்கொண்டது.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்