கேரவன் இழுக்கும் வண்டிகளின் கேமராப் பதிவு: தேனி, இடுக்கி அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தேனி மாவட்டப் போக்குவரத்துத் துறை, இடுக்கி மாவட்ட மோட்டார் வாகனத் துறை, இரு மாவட்டக் காவல் துறை அதிகாரிகள்.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்த பிறகு, வாகமண், மூணாறு பக்கம் போகும் கேரவன்களை, அதாவது உள்ளேயே தங்கும் வசதி கொண்ட வண்டிகளைக், குமுளிச் சாலையிலும் போடிமெட்டுச் சாலையிலும் காண முடிகிறது. அவற்றில் பெரும்பாலானவை தாமே ஓடும் வேன் வகை. காரின் பின்னால் கொக்கியில் பூட்டி இழுத்து வரும் கேரவன் இன்னும் அரிதுதான். ஆனால் கம்ப்ரசரையும் கலவை இயந்திரத்தையும் ஜெனரேட்டரையும் இழுத்துக்கொண்டு மலையேறும் வண்டிகள் எங்கள் பகுதிக்குப் புதியவை அல்ல. மெட்டில், அதாவது மலைக் கணவாய்ச் சாலையில், இவை எல்லாவற்றின் சிக்கலும் ஒன்றே. இத்தகைய வண்டிகளில் கேமராவை எங்கே பொருத்த வேண்டும் என்பதையும், விபத்துக்குப் பின் அதன் பதிவை நீங்கள் எப்படிப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பதையும் பற்றியே எழுதுகிறேன்.

முன் கண்ணாடியில் ஒட்டிய கேமரா முன்னால் நடப்பதை மட்டுமே காட்டும். இழுவை வண்டியில் தகராறு பெரும்பாலும் பின்னால்தான் பிறக்கிறது. போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் எதிலும் காரின் சக்கரம் போன தடத்தில் கேரவனின் சக்கரம் போவதில்லை. அது வளைவின் உட்பக்கத்தை ஒட்டியே வரும். அதற்கு இடம் விட்டு ஓட்டுநர் அகலமாகத் திருப்பும்போது, அவர் எதிர்த் தடத்தில் ஏறியது முன் கேமராவில் தெளிவாகப் பதிகிறது. அவர் விட்ட இடைவெளிக்குள் பின்னாலிருந்து ஒரு பைக் நுழைந்ததோ எங்கும் பதிவதில்லை. ஆகவே அரைகுறைப் பதிவு சில நேரங்களில் பதிவே இல்லாததைவிடத் தீங்கானது. காரின் பின் கண்ணாடியில் இன்னொரு கேமரா வைத்தாலும் கேரவனின் முன் சுவர்தான் தெரியும். (இறக்கத்தில் கேரவன் பக்கவாட்டில் ஆடத் தொடங்கினால் அதைக் காட்டும் என்ற அளவில் அதற்கும் பயன் உண்டு.) கேரவனின் முதுகில் ஒரு கேமரா கட்டாயம் தேவை என்பதே என் கருத்து.

மேடேறும் வண்டிக்கு இறங்கி வருபவர் வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாகப் போகும் காலை நேரத்தில், எதிரே இறங்கி வருபவர் நிற்காமல் வந்து, ஏறும் வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்வது இங்கே வாடிக்கை. தனிக் காரை எப்படியும் எடுத்துவிடலாம். கேரவனோடு வளைவில் பின்னால் எடுப்பது, ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்து அதைத் திருப்பப் பழகியவருக்கே கடினம். அப்போது உரசல் ஏற்பட்டால், வண்டியைப் பின்னால் எடுத்தவர் என்பதற்காக அவர்மீதே பழி விழுகிறது. யார் ஏறினார், யார் இறங்கினார், யார் நிற்க மறுத்தார் என்பதை முன்னும் பின்னுமான இரண்டு பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் அறிய முடியும்.

கருவி பற்றி உரிமையாளர்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். பின் கேமராவுக்கு விளக்குக் கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்தால் விளக்கு அணையும்போது கேமராவும் அணைந்துவிடும். தனி இணைப்பு வேண்டும். இரு கேமராக்களிலும் கடிகாரம் ஒத்திருக்க வேண்டும். குண்டும் குழியுமான சாலையில் ஒவ்வொரு குலுக்கலையும் விபத்தென்று எண்ணிக் கோப்பைப் பூட்டிவைக்கும் அளவுக்கு அதிர்வு உணரியை நுட்பமாக வைக்கக் கூடாது. வைத்தால் மெமரி கார்டு வெறும் குலுக்கல்களால் நிறைந்துவிடும்.

சட்டத்துக்கு வருகிறேன். 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட 167ஏ, மின்னணுக் கண்காணிப்புக் கருவிகளில் ஒன்றாக டேஷ்போர்டு கேமராவையும் குறிப்பிடுகிறது. ஆனால் அது உங்கள் துறை பயன்படுத்தும் கருவியைப் பற்றியது. எங்கள் பதிவு நீதிமன்றத்தில் நிற்க வேண்டுமானால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் தேவை. அதில் இரண்டு பகுதிகள் உள்ளன: முதலாவது பதிவை அளிப்பவர் கையெழுத்திடுவது, இரண்டாவது வல்லுநர் கையெழுத்திடுவது. கோப்பின் ஹாஷ் எண்ணையும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் குறியீடு) அதில் குறிக்க வேண்டும். போடியிலிருந்து வண்டி ஓட்டுபவர் அந்த வல்லுநரை எங்கே தேடுவார்? அவர் விசாரித்து அலைவதற்குள், தொடர்ந்து ஓடும் கேமரா பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிவிடும். நிலையத்தில் கார்டை வாங்கி வைத்துக்கொண்டாலோ, காப்பீட்டு நிறுவனத்துக்குக் கொடுக்க அவரிடம் ஒரு நகலும் இருக்காது. மெட்டுக்கு மேற்கே நடந்த விபத்து கேரளக் காவல் நிலையத்துக்குப் போகிறது; வண்டியின் பதிவெண்ணும் காப்பீடும் தமிழ்நாட்டில் இருப்பதால் இந்தத் தொல்லை இரட்டிப்பாகிறது.

எனவே இரு மாவட்ட நிர்வாகங்களும் கூடிப் பேசி, தமிழிலும் மலையாளத்திலும் ஒரே சுற்றறிக்கையை வெளியிட வேண்டுகிறேன். பதிவை ஓட்டுநரின் முன்னிலையில் நகலெடுத்து, ஹாஷ் எண்ணைக் குறித்து, ரசீது கொடுத்து, கார்டையோ அதன் நகலையோ அவரிடமே திருப்பித் தர வேண்டும்; சான்றிதழின் இரண்டாம் பகுதிக்கு எந்த அலுவலகத்தை நாட வேண்டும் என்பதையும் அதில் எழுத வேண்டும். இழுவை வண்டிகளுக்குப் பின் கேமராவைப் பரிந்துரையாக வையுங்கள். உடனே அபராதத்துக்கான இன்னொரு காரணமாக அது மாற வேண்டாம். பதிவில் விழும் தோட்டத் தொழிலாளர்களின் முகங்களைச் சமூக ஊடகங்களில் பரப்பக் கூடாது என்று உரிமையாளர்களுக்கும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

சபரிமலை மண்டல காலத்தில் கம்பம்மெட்டு, குமுளிச் சாலைகளில் நெரிசல் கூடிவிடும் என்பதால், கார்த்திகை பிறப்பதற்கு முன் இந்தச் சுற்றறிக்கை குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டுச் சோதனைச் சாவடிகளில் ஒட்டப்பட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
போடிநாயக்கனூரைச் சேர்ந்த வாடகை வாகன ஓட்டுநர் ஒருவர்