செல்ஃப் எடுக்குது, வண்டி ஸ்டார்ட் ஆகல: எல்லாத்துக்கும் பேட்டரியா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

வெயில் ஆரம்பிச்சா பேப்பர்ல கார் பராமரிப்புன்னு துணுக்கு வர ஆரம்பிச்சிடுது, கூலன்ட் பாருங்க, டயர்ல காத்து பாருங்க, வண்டி ஸ்டார்ட் ஆகலனா பேட்டரிய செக் பண்ணுங்கன்னு. அந்தக் கடைசி வரிய நம்பித்தான் நான் அஞ்சாயிரத்து சொச்சம் தண்டம் அழுதேன், அதான் எழுதுறேன்.

என்னோடது எட்டு வருஷ பெட்ரோல் வண்டி. போன மே மாசம் பள்ளிகொண்டா பெருமாள சேவிச்சிட்டு வேலூர் திரும்பும்போது பொய்கைகிட்ட டீ குடிக்க நிறுத்தினோம். செவ்வாக்கிழம, மாட்டுச்சந்தை நாளு, ரோட்டோரம் பூரா மாடு ஏத்தற வண்டிங்க. பத்து நிமிஷம் கழிச்சி சாவி திருப்பினா செல்ஃப், அதான் இன்ஜின சுத்தி விடற மோட்டாரு, நல்லா ஜோராதான் சுத்துது, ஆனா இன்ஜின் பிடிக்கவே மாட்டேங்குது. சந்தைக்கு வந்தவங்க நாலு பேரு "இன்னா சார், பேட்டரி டவுனா"ன்னு கேட்டுகினே தள்ளவும் ஆரம்பிச்சிட்டாங்க, நல்ல மனுசங்க, பாவம். இப்ப நெனச்சா சிரிப்பா வருது, தள்றதே இன்ஜின் சுத்தறதுக்குதான, அந்த வேலையத்தான் செல்ஃப் பண்ணிகினு இருக்கே! முக்கா மணி நேரம் கழிச்சி ஒண்ணுமே நடக்காத மாதிரி தானா ஸ்டார்ட் ஆச்சு. நேரா பேட்டரி கடைக்குப் போனேன், வீக்குன்னாங்க, மாத்திட்டேன்.

பத்தே நாள்ல காட்பாடி ஸ்டேஷன் வாசல்ல மறுபடி அதே கதை. மச்சான் ஒரு வயசான மெக்கானிக்க பைக்ல உக்கார வச்சி கூட்டிகினு வந்தான். அவரு பானெட்ட தொடவே இல்ல. "சாவிய ஆன் மட்டும் பண்ணு, யாரும் பேசாதீங்க"ன்னாரு. பின் சீட்டுக்கு அடியில ரெண்டு செகண்டு ங்ங்னு ஒரு சத்தம். பெட்ரோல் பம்ப் ஓடுதாம், அந்தச் சத்தம் வரலனா ஃபியூஸ், ரிலேன்னு தேடணுமாம். மீட்டர்ல சாவி படம் போட்ட லைட்டு சிமிட்டிகினே இருக்கான்னு பாத்தாரு, இருந்தா வண்டி சாவிய அடையாளம் கண்டுக்கலன்னு அர்த்தம். எனக்கு அதுவும் இல்ல. "இப்ப செல்ஃப் அடி, இன்ஜின் சுத்தற வேகத்த காட்டற ஆர்பிஎம் முள்ள பாரு"ன்னாரு. செல்ஃப் சுத்துது, முள்ளு பூஜ்யத்துல செத்துக் கிடக்குது.

அப்புறம்தான் பானெட்ட தெறந்து, கியர் பாக்ஸ் பக்கம் கீழ இருந்த ஒரு சின்ன சென்சார் மேல ஈரத்துணிய சுத்தி வச்சாரு. அஞ்சு நிமிஷம். சாவிய திருப்பினேன், ஸ்டார்ட்!

கிராங்க் சென்சாராம். இன்ஜின் எந்த எடத்துல சுத்திகினு இருக்குன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்றது அதுதான், அது வாய மூடிட்டா என் வண்டில ப்ளக்குக்கும் கரண்ட் போவாது, பெட்ரோலும் அடிக்காது, ஆர்பிஎம் முள்ளும் அசையாது. உள்ள இருக்கற காயில் பழசாயி சூட்டுல கட் ஆவுது, ஆறினா சேந்துக்குது. ஓடும்போது காத்து படுது, நிறுத்தினதும் இன்ஜின் சூடு மொத்தமும் அது மேலதான், நம்மூரு வெயில் வேற. டீ குடிக்கற நேரத்துல படுத்துக்கறது அதனாலதான். புது சென்சார் ஆயிரத்து சொச்சம், மாத்த அரை மணி நேரம்கூட ஆவல.

ஆர்பிஎம் முள்ளு எல்லா வண்டிலயும் இப்படிக் காட்டாது, வண்டி கம்ப்யூட்டர்ல இருக்கற கோளாற படிக்கற ஸ்கேனர் போட்டா சந்தேகம் தீந்துடும். எலி ஒயர கடிச்சிருந்தாலும் இதே மாதிரிதான் நிக்கும், அதையும் பாத்துடுங்க. ஆனா செல்ஃப் எப்பவும் போல வேகமா சுத்துதுன்னா பேட்டரி கடைக்கு ஓடாதீங்க. இழுத்து இழுத்து சுத்தினாதான் பேட்டரி மேல சந்தேகப்படணும். பத்து செகண்டுக்கு மேல விடாம செல்ஃப் அடிக்கவும் வேணாம், அரை நிமிஷம் விட்டு அடிங்க, இல்லனா செல்ஃப் மோட்டாரும் போயி நல்லா இருந்த பேட்டரியும் நெஜமாவே டவுன் ஆயிடும். நேஷனல் ஹைவேல மாட்டினா ஓரமா நிறுத்தி, ஹைவே உதவி நம்பர் 1033க்கு போன் போடுங்க.

அடுத்த தடவ அந்தத் துணுக்கு போடும்போது செல்ஃப் எடுக்காததும், செல்ஃப் எடுத்தும் ஸ்டார்ட் ஆகாததும் வேற வேறன்னு ரெண்டு வரி சேத்துப் போடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சத்துவாச்சாரி, வேலூர்.