சலாலா ‘கிழக்கும் மேற்கும்’ ஒருநாள் சுற்றுலா: 72 ரியாலைத் திருப்பித் தருவது பற்றி

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவை, மஸ்கட், ஓமான்

ஐயா,

வணக்கம். ஆங்கிலத்தில் மூன்று முறை எழுதினேன். மூன்றுக்கும் ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று ஒரே பதில். நான் கருத்து சொல்லவில்லை, பணத்தைத் திருப்பிக் கேட்டேன். உங்கள் கவுண்டரில் தமிழ் பேசுகிறவர்கள் இருப்பதால் இந்த முறை தமிழிலேயே எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 14, சலாலாவில் உங்கள் ஒருநாள் சுற்றுலா, நான்கு பேர், தலைக்கு 18 ரியால். சம்ஹான் மலை, தர்பாத் அருவி, முக்ஸைல் கடற்கரை எல்லாம் உங்கள் நோட்டீஸில் போட்டவைதானே. காலை பத்து மணிக்கே கைடு, “மேல மூடுபனி, சம்ஹான் மலைக்கு வண்டி ஏறாது” என்று முடித்துவிட்டார். சம்ஹான் உச்சிக்குப் போனால் மேகம் காலுக்குக் கீழே கிடக்கும் என்று படம் போட்டு விற்றதே நீங்கள்தான். எங்கள் கண்ணெதிரே வேறு வண்டிகள் ஏறிக்கொண்டிருந்தன.

இதைத் தொலைபேசியில் சொன்னபோது உங்கள் ஊழியர் சிரித்தார். “கரீஃப் மழை சீசன்ல வந்துட்டு மூடுபனின்னு கம்ப்ளெய்ண்ட் பண்றீங்களே சார், மேகத்துக்கு நாங்க பொறுப்பா?” என்றார். மேகத்தைப் பற்றி நான் புகார் சொல்லவே இல்லை. மேகத்தைச் சாக்காக வைத்து எங்களை எங்கே கொண்டுபோனீர்கள் என்பதுதான் புகார். இளநீர்க் கடை, முக்கால் மணி நேரம்! ஊரில் கொல்லைப்புறத்திலேயே பதினாறு தென்னை வைத்திருக்கிற என் அப்பா அங்கே நின்று காயைத் தட்டிப் பார்த்து, “முத்தல்” என்றார். அப்புறம் லுபான் (சாம்பிராணி) கடை, ஒன்றே முக்கால் மணி நேரம். கைடுக்குக் கமிஷன் உண்டோ இல்லையோ, கடைக்காரர் அவருக்கு மட்டும் டீ கொடுத்தார். தர்பாத் அருவிக்கு இருபது நிமிடம். வண்டியை நிறுத்திய இடத்திலிருந்து நடக்கவே அது போதவில்லை.

முக்ஸைல் போய்ச் சேர்ந்தபோது இரவு ஏழரை. தர்பாத் இருப்பது சலாலாவுக்குக் கிழக்கே, முக்ஸைல் மேற்கே சுமார் 40 கிலோமீட்டர். கடைகளில் பொழுதைக் கழித்தால் இருட்டாமல் என்ன செய்யும்? பாறைத் துளையில் போட்டிருக்கிற இரும்புக் கம்பிக்கு அடியில் கடல் புஸ்ஸென்று மூச்சு விடுவது மட்டும் கேட்டது. தண்ணீர் பீறிட்டபோது அம்மாவின் புடவை நனைந்தது, ஆனால் ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. கைடு வண்டியை விட்டு இறங்கவே இல்லை. 2022 ஜூலையில் தடுப்பைத் தாண்டிப் போனவர்களை அலை இழுத்துக்கொண்ட இடம் அது. வயதானவர்களை அங்கே தனியாக விடலாமா?

மஸ்கட்டில் ருவி பகுதியில் இருக்கிற உங்கள் அலுவலகத்துக்கு மூன்று முறை வந்தேன். முதல் முறை ‘சலாலா கிளையைக் கேளுங்கள்’. இரண்டாம் முறை ‘மேனேஜர் லீவு’. மூன்றாம் முறை மதியம் ஒன்று பத்துக்கு வந்தேன், ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே இருந்தவர் குனிந்து என்னைப் பார்த்துவிட்டு மீதியையும் இறக்கினார். நான்கு மணி வரை அந்த வெயிலில் நின்றேன். திறந்ததும் அதே நபர், “ரசீது ஒரிஜினல் இருக்கா?” என்கிறார். நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ரசீதுக்கு ஒரிஜினல் எங்கிருந்து வரும், சொல்லுங்கள்.

72 ரியால்தானே என்று நினைக்காதீர்கள். விசா, விமானம், என் லீவு எல்லாம் சேர்த்தால் எழுநூறுக்கு மேல் வீண். அம்மா 20-ஆம் தேதி ஊருக்குப் போய்விட்டார், இனி இந்தப் பக்கம் வரமாட்டார்.

உங்கள்மீது எனக்குப் பகை இல்லை. காலையில் வந்த டிரைவர் தங்கமான மனிதர், அவர் வேலைக்கு எதுவும் வந்துவிடக் கூடாது. ஏழு நாளில் பணம் கணக்கில் வர வேண்டும், தயவுசெய்து. வராவிட்டால் எட்டாம் நாள் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தில் மனு கொடுப்பேன், நகல் சுற்றுலா அமைச்சகத்துக்கும் போகும். உங்கள் ஊழியர் சிரித்த அழைப்பு என் போனில் பதிவாகியிருக்கிறது.

இப்படிக்கு,
கடைசி வரிசை நான்கு இருக்கைக்குப் பணம் கட்டியவன்