காலையில் அடுப்பு மூட்டிய அக்காமாருக்கு

நம் பள்ளியில் பிள்ளைகளுக்குக் காலை உணவு சமைக்கும் மகளிர் குழு அக்கா இருவருக்கும் வணக்கம்.

ஆசிரியர் இடமாறுதல் கவுன்சிலிங்கில் எனக்கு வேறு ஒன்றியத்துக்கு மாறுதல் வந்து, நேற்று சால்வை போர்த்தி அனுப்பிவிட்டார்கள். உங்கள் இருவரையும் முன்னால் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. அதனால் ஊரறிய இந்த மடல்.

காலை உணவு வரும் முன்புவரை ஒன்றாம் வகுப்புக்குக் கணக்கை மதியம் சத்துணவுக்குப் பிறகுதான் எடுப்பேன். அட்டவணையில் முதல் பீரியட் கணக்கு என்றுதான் இருக்கும். ஆனால் டீத்தண்ணியும் ரெண்டு பிஸ்கட்டுமாக வந்த பிள்ளையிடம் ஒன்பதோடு நாலைக் கூட்டச் சொன்னால் அது என் முகத்தையே பார்க்கும். சூளைக்கும் கம்பெனி வேனுக்கும் ஆறு மணிக்கே ஓடும் தாய்மாரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பிரேயரில் ஒன்று சுருண்டு விழும். இன்னொன்று "வயித்த வலிக்குது டீச்சர்" என்று வரும். அது பசி. வலிக்கும் பசிக்கும் வித்தியாசம் தெரியாத வயது.

1956-ல் காமராசர் தொடங்கியதும் 1982-ல் எம்.ஜி.ஆர். விரித்ததும் மதியச் சோறு. நானே அந்தத் தட்டில் சாப்பிட்டுப் படித்தவள்தான். ஆனால் முந்தின ராத்திரிக்கும் அந்த மதியத்துக்கும் நடுவே ஒரு பள்ளம் கிடந்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவு, 2023 ஆகஸ்டில் நம் பள்ளிக்கும் வந்தது. அன்றிலிருந்து பள்ளத்தைத் தூர்த்தது உங்கள் கைதான்.

தலைக்கு 50 கிராம் ரவை, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு என்று அரசாங்கம் அளந்து கொடுக்கும். காரட்டைப் பொறுக்கி ஓரங்கட்டும் பையனுக்காக அதைத் துருவிப் போடச் சொல்லி எந்த ஆணையும் இல்லை. சிலிண்டர் தீர்ந்த மழைநாளில் வீட்டு சிலிண்டரை வண்டியில் கட்டி, நனைந்துகொண்டு கொண்டுவந்தீர்களே, அதற்கும் இல்லை.

(உப்புமா கொஞ்சம் அடிக்கடிதான் வந்தது. பிள்ளைகள் சார்பில் அதையும் சொல்லிவிடுகிறேன். அது உங்கள் தப்பில்லை. பொங்கல் போட்ட புதன்கிழமை மட்டும் எவனும் லீவு எடுத்ததில்லை!)

அந்த வயிற்றுவலிக்காரி இப்போது மேல்வகுப்புக்குப் போய்விட்டாள். சாம்பார் வாசம் போகாத கையால் என் சேலையைப் பிடித்து இழுத்து, "இன்னிக்குக் கழித்தலா, கூட்டலா?" என்று கேட்பாள்.

திங்கட்கிழமை புதுப் பள்ளியில் சேர்கிறேன். அங்கேயும் முதல் பீரியட் கணக்குதான்.

அன்புடன்,
உங்கள் ஒண்ணாங்கிளாஸ் டீச்சர்