ரேடியம் ஸ்டிக்கர், பிளாட்டர் கடைக்காரர்கள் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார், புதிதாகச் சேர்ந்தவர்களின் பெயர்கள் பலகையில் ஒட்டியிருக்கின்றன, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஆண்டு மாதக் கூட்டங்களில் நாம் அதிகம் பேசியது ஒன்றைத்தான்: வாட்ஸ்அப்பில் வருகிற படத்தை பிளாட்டர் (வினைல் ஸ்டிக்கர் தாளை பிளேடால் வெட்டும் இயந்திரம்) வெட்டும் கோடாக மாற்றுவது.

பிளாட்டருக்குப் படம் தெரியாது. பிளேடைத் தூக்கு, இறக்கு, இந்த இடத்துக்குப் போ, ஹெச்பிஜிஎல் என்ற பிளாட்டர் மொழியில் அதற்குப் போகும் கட்டளை பெரும்பாலும் இவ்வளவுதான். தூரத்தை அது அளப்பது ஒரு மில்லிமீட்டருக்கு 40 அலகு என்ற கணக்கில். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படமோ சுருங்கி, எழுத்தின் ஓரமெல்லாம் சாம்பல் அழுக்குப் படிந்து வருகிறது, அதை அப்படியே டிரேஸ் செய்தால், அதாவது மென்பொருளை விட்டுப் படத்தின் ஓரத்தைக் கோடாக எடுத்தால், அழுக்கும் கோடாகி, நேராக இருக்க வேண்டிய ஓரத்தில் தேவையில்லாத நோடுகள் (கோடு திரும்பும் புள்ளிகள்) குவிந்து, பிளேடு நடுங்கி வினைல் கிழிகிறது. ‘டாக்குமெண்டாக அனுப்புங்க’ என்று எல்லாக் கடையிலும் கேட்பது என முடிவு செய்தோம்.

இப்போது என் கடையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒரு பெயர்ப்பலகை, கீழே சின்ன எழுத்தில் இரண்டு வரி முகவரி. இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் டிரேஸ் செய்தபோது துகள் துகளாக அழுக்கு வந்தது. துகளை நீக்கும் ஸ்பெக்கிள்ஸ் எண் முதலில் 2 என்று இருக்கும், அதை 25க்கு ஏற்றினேன், படம் பளிச்சென்று ஆனது. வெட்டி, உரித்து, ஒட்டிய பிறகுதான் பார்த்தேன்: கீழ் இரண்டு வரியில் ஒரு மெய்யெழுத்துக்கும் புள்ளி இல்லை. அந்த அளவில் ஒரு புள்ளி ஏறக்குறைய இருபது பிக்சல்தான், மென்பொருளுக்கு அதுவும் அழுக்குதான். ஆங்கிலத்தில் ஐ, ஜே இரண்டுக்கும்தான் புள்ளி, தமிழில் வார்த்தைக்கு ஒன்றிரண்டு வந்துவிடும், அது போனால் சொல்லே போய்விடுகிறது. அன்று இரவு முழுவதும் மறுபடி வெட்டினேன். மனசு ஆறவில்லை.

அதனால் என் உறுதியான கருத்து இதுதான். தமிழ் எழுத்தை டிரேஸ் செய்யக் கூடாது. ஒத்த எழுத்துருவைத் தேடித் திரும்பத் தட்டச்சு செய்யுங்கள், அதைக் கர்வாக, அதாவது வெட்டும் கோடாக, மாற்றுங்கள், கொம்பும் சுழியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் வெல்டு செய்து ஒரே உருவமாக்குங்கள், இல்லாவிட்டால் பிளேடு எழுத்தின் நடுவே கீறும். டிரேஸ் லோகோவுக்கு மட்டும் போதும், அதுவும் முதலில் சுத்தமான கறுப்பு வெள்ளையாக்கிவிட்டு.

கோலத்தை வைத்து நடத்திய பயிற்சி நன்றாக அமைந்தது. சாதாரண டிரேஸ் இழையின் இரண்டு ஓரத்தையும் பிடிக்கும், ஸ்டிக்கருக்கு அதுதான் வேண்டும். அதே கோப்பை லேசரில் கோடு கீறக் கொடுத்தால் ஒவ்வோர் இழையும் இரட்டையாக விழும், அங்கே நடுக்கோட்டு டிரேஸ் வேண்டும். அப்புறம், பழைய கோப்பு அளவு குறைந்து வருகிறது என்று பலர் கேட்டீர்கள். இன்க்ஸ்கேப் 2017இல் 0.92 பதிப்பில் அங்குலத்துக்கு 90 பிக்சல் என்ற கணக்கை 96 ஆக்கியது, அதனால் பழைய 300 மி.மீ. பலகை 281 ஆக வரலாம். வெட்டும் முன் அளவைப் பாருங்கள்.

இன்க்ஸ்கேப்பின் சாதாரண டிரேஸுக்குள் ஓடுவது பீட்டர் செலிங்கர் 2001இல் வெளியிட்ட போட்ரேஸ், இலவசமாகவே கிடைக்கிறது. கருவி இலவசம் என்றாலும் நம் உழைப்பு இலவசம் இல்லை. மங்கிய லோகோவைக் கையால் நோடு நோடாக வரைந்து தருகிறவர்கள் அதற்குத் தனியாக வரைகூலி வாங்க வேண்டும், பில்லில் தனி வரியாகவே எழுத வேண்டும். இதைத் தீர்மானமாக இன்று சபையில் வைக்கிறேன்.

அடுத்த கூட்டம் வழக்கம்போல இரண்டாவது ஞாயிறு. உங்களைப் படுத்திய படம் ஒன்றைப் பென்டிரைவில் கொண்டுவாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து சரிசெய்வோம்.