ரோஸ் டிக்கோவுக்கு இழைக்கப்பட்ட அநீதி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொடர்ந்து பல பாகங்களாக வெளிவரும் படங்களைப் பற்றிய தங்கள் சென்ற இதழ்க் கட்டுரை, ரசிகர்களின் கோபத்தை ‘ஆர்வமிகுதி’ என்று ஒரே சொல்லில் கடந்துசென்றது எனக்கு வருத்தமளித்தது.

‘ஸ்டார் வார்ஸ்’ என்ற ஹாலிவுட் விண்வெளிப் பட வரிசையில் 2017-இல் வெளியான ‘ஸ்டார் வார்ஸ்: தி லாஸ்ட் ஜெடை’ படத்தில், பழுதுபார்க்கும் பணியாளரான ரோஸ் டிக்கோவாக கெல்லி மேரி டிரான் நடித்தார். வியட்நாமிலிருந்து அமெரிக்காவுக்கு அகதிகளாகச் சென்ற பெற்றோரின் மகள் அவர். போரில் அக்காவை இழந்த ரோஸ், கழுத்திலுள்ள பதக்கத்தைப் பற்றிக்கொண்டு விண்கப்பலின் ஒரு மூலையில் தனியே அழும்போதுதான் நமக்கு அறிமுகமாகிறாள். சற்று நேரத்தில், தான் மாவீரனாக எண்ணியிருந்த ஃபின் கப்பலைவிட்டு நழுவப் பார்க்கிறான் என்று தெரிந்ததும், அழுத கண்ணோடு அவனையே மின்னதிர்ச்சி கொடுத்து வீழ்த்துகிறாள். சாதாரணத் தொழிலாளி ஒருத்தியின் துயரமும் கடமையுணர்வும் இவ்வளவு நெருக்கமாக அந்த வரிசையில் வேறெங்கும் காட்டப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

ரோஸும் ஃபின்னும் செல்லும் சூதாட்ட நகரக் காட்சிகள் கதையைத் தொய்வடையச் செய்தன என்பதை நானும் ஏற்கிறேன். அது திரைக்கதையின் குறை. ஆனால் ஒரு பகுதி ரசிகர்கள் அந்தக் குறைக்காக நடிகையின் இனத்தையும் உருவத்தையும் இழிவுபடுத்தினார்கள். 2018-இல் அவர் தம் இன்ஸ்டாகிராம் பதிவுகளை முழுவதும் நீக்கினார். அந்தச் சொற்களைத் தாமே நம்பத் தொடங்கிவிட்டதாக, அவ்வாண்டு ஆகஸ்டில் ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழில் எழுதினார். இதே வரிசையின் 1999-ஆம் ஆண்டுப் படத்தில் ஜார் ஜார் பிங்க்ஸ் என்ற கோமாளித்தனமான வேற்றுக்கிரகவாசியாக நடித்த அகமது பெஸ்டும், அன்று எழுந்த வசைகளால் உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணியதாக 2018-இல்தான் வெளியே சொன்னார்.

2019-இல் வந்த இந்த வரிசையின் அடுத்த படம் 142 நிமிடம் ஓடியது. ரோஸ் திரையில் தோன்றியதோ ஏறத்தாழ ஒன்றேகால் நிமிடம். இவ்வரிசையில் லேயாவாக நடித்து மறைந்த நடிகை கேரி ஃபிஷரின் பழைய காட்சிகளோடு இணைத்து எடுக்கப்பட்ட ரோஸின் சில காட்சிகள் சரியாக அமையாததால் நீக்கப்பட்டன என்று திரைக்கதையாசிரியர் விளக்கினார். அதை நான் மறுக்கவில்லை. எனினும், அவளுக்கென்று வேறு காட்சிகளை எழுதியிருக்கலாமே! வசைபாடியவர்கள் அந்த ஒன்றேகால் நிமிடத்தைத் தங்கள் வெற்றியாகவே எடுத்துக்கொண்டார்கள்.

தங்கள் இதழில் வாசகர்களின் திரை விமர்சனங்களை வெளியிடும்போது, நடிப்பையும் கதையையும் எவ்வளவு கடுமையாகச் சாடினாலும் அவற்றை அப்படியே பிரசுரித்து, நடிப்பவரின் நிறத்தையும் உடலையும் பழிக்கும் வரிகளை மட்டும் நீக்கிவிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
திருச்சி