கோடு விழுந்த கதவும் நெளிகிற ஃபெண்டரும்

கோயம்புத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை

அம்மணிக்கு,

நீ வாங்க நினைக்கிற பழைய காரின் ஏழு போட்டோவையும் பார்த்தேன். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் "அப்பா, மீட்டிங் வந்துடுச்சு" என்பாய், அதனால் எழுதுகிறேன். சனிக்கிழமை வண்டி பார்க்கப் போவதற்குள் ஒரு தடவை நிதானமாகப் படித்துவிடு. மாப்பிள்ளையும் படிக்கட்டும்.

இடது பின்கதவில் ஒரு முழ நீளத்துக்குக் கோடு விழுந்திருக்கிறது, இந்த வண்டி வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று கேட்டிருந்தாய். அந்தக் கோடு எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. நம் நாட்டு வண்டியில் ஓட்டுகிறவர் கண்ணுக்கு எட்டாத பக்கம் இடது பக்கம்தான். கேட் தூண், சந்தில் நுழைகிற பைக்கின் ஹேண்டில்பார் எல்லாம் அங்கேதான் உரசும். சென்னையில் ஓடிய 2018 மாடல் ஸ்விஃப்ட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கோடுகூட இல்லை என்றால்தான் நான் குனிந்து இன்னொரு தடவை பார்ப்பேன்.

எனக்கு உறுத்துவது நாலாவது போட்டோ. வலது முன்பக்க ஃபெண்டர், அதாவது முன்சக்கரத்துக்கு மேலே இருக்கிற தகரம். கதவில் எதிர்வீட்டு மதில் நேர்கோடாகத் தெரிகிறது. அதே மதில் ஃபெண்டருக்கு வந்ததும் தண்ணீருக்குள் பார்க்கிற மாதிரி நெளிகிறது. கதவில் இத்தனை வருஷமாகத் தூசித் துணியால் துடைத்த சுழிகள் அப்படியே இருக்க, ஃபெண்டர் மட்டும் பளபளவென்று நிற்கிறது. நீ கோட்டைத்தான் பார்த்தாய், இதைப் பார்க்கவில்லை.

முதலில் கோட்டை முடித்துவிடுகிறேன். கம்பெனி பெயிண்ட் என்பது தகரத்தின் மேல் நாலு பூச்சு. துரு பிடிக்காமல் இருக்க பாடியையே தொட்டியில் முக்கி எடுப்பது ஒன்று, அதன் மேல் பிரைமர், அப்புறம் நிறம், கடைசியில் கண்ணாடி மாதிரி கிளியர் கோட். நாலும் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 140 மைக்ரான்தான். ஜெராக்ஸ் பேப்பர் ஒன்றின் கனம், இல்லை அதைவிடக் கொஞ்சம் கூட. அதில் கிளியர் மட்டும் 40, 50 மைக்ரான் இருக்கும். கோடு கிளியரோடு நின்றதா, கீழே இறங்கிவிட்டதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கோட்டின் குறுக்கே நகத்தை மெதுவாக இழு. வழுக்கிக்கொண்டு போனால் மேலோடு போன கோடு, காம்பவுண்டு என்கிற பாலிஷ் பசை போட்டுத் தேய்த்தால் மறையும். இன்னொன்று, விரலில் தண்ணீர் தொட்டுக் கோட்டின் மேல் தடவு. ஈரம் இருக்கும்வரை காணாமல் போய், காய்ந்ததும் திரும்ப வந்தால் அதுவும் பெரும்பாலும் கிளியரில் விழுந்ததுதான். (இதே காரணத்துக்காகத்தான் கழுவி ஈரத்தோடு நிறுத்தியிருக்கிற வண்டியைப் பார்க்கப் போகக் கூடாது. காயட்டும் என்று ஒரு டீ குடித்துவிட்டு வா.) நகம் தட்டி நின்றால் உள்ளே என்ன நிறம் என்று பார். சாம்பலாகத் தெரிந்தால் பிரைமர். தகரமே தெரிந்தால் வாங்கிய வாரமே அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் பெயிண்ட் தொட்டு டச்சப் வைத்துவிடு, திருவான்மியூர் கடல் காற்று காத்திருக்காது. பழுப்பாகத் துரு ஓடியிருந்தால் விலையில் குறைக்கச் சொல். பம்பர் மூலையில் கறுப்பாகத் தெரிவது பிளாஸ்டிக், அதற்குத் துரு பிடிக்காது. பம்பர் நிறம் பாடியிலிருந்து லேசாக மாறித் தெரிந்தாலும் கவலைப்படாதே. புது வண்டியிலேயே அப்படி இருக்கும்.

இனி ஃபெண்டர். நெளிவையும் பளபளப்பையும் பார்த்தால் திரும்பப் பெயிண்ட் அடித்த மாதிரி இருக்கிறது. அடித்திருக்கிறார்கள் என்பதாலேயே வண்டி கெட்டது என்று சொல்லிவிட மாட்டேன். யாரோ ஆட்டோக்காரர் இடித்துவிட்டுப் போயிருக்கலாம். எதற்காகப் பெயிண்ட் அடித்தார்கள் என்பது தெரிய வேண்டும். பானட்டைத் திறக்கச் சொல். ஃபெண்டரை உள்ளே பிடித்திருக்கிற போல்டுகள் வரிசையாகத் தெரியும். அவற்றின் தலையில் பெயிண்ட் முழுசாக இருக்கிறதா, ஸ்பேனர் பட்டு முனை உடைந்திருக்கிறதா என்று பார். உடைந்திருந்தால் ஃபெண்டரைக் கழற்றியிருக்கிறார்கள். பானட் கீலிலும் அதே மாதிரி என்றால் அடி கொஞ்சம் பெரியது. கதவைத் திறந்து ரப்பர் பீடிங்கை விரலால் விலக்கு. ஸ்பிரே அடிக்கும்போது டேப் ஒட்டிய இடத்தில் மெல்லிய படி மாதிரி ஒரு விளிம்பு நகத்துக்குத் தட்டும். எவ்வளவு நல்ல பெயிண்டர் என்றாலும் அந்த விளிம்பை முழுசாக மறைப்பது கஷ்டம்.

ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிற காந்தப் பொம்மை ஒன்றை எடுத்துக்கொண்டு போ. மெல்லிய துணியில் சுற்றி, முதலில் கதவில் வை, அப்புறம் ஃபெண்டரில். வெறும் பெயிண்ட் என்றால் இரண்டிலும் ஒரே மாதிரி பிடிக்கும். உள்ளே பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பப் பூசுகிற பசை, கனமாக இருந்தால் நழுவும். பெயிண்ட் கனத்தை அளக்கிற மைக்ரான் மீட்டர் வைத்திருக்கிற மெக்கானிக் கிடைத்தால் இன்னும் நல்லது. 200-க்கு மேல் காட்டினால் திரும்ப அடித்தது என்று வைத்துக்கொள், 500, 1000 என்று போனால் அங்கே பட்டி.

சில்வர் கலர் என்பதால் உனக்கு ஒரு வசதியும் உண்டு. அதில் அலுமினியத் துகள் கலந்திருக்கும். ஒரே டப்பா பெயிண்டிலேயே, ஸ்பிரே கன்னை நாலு விரல் கூடத் தள்ளிப் பிடித்தால் நிறம் வேறு மாதிரி விழும். என்னையே எத்தனையோ நாள் தூங்கவிடாமல் செய்த கலர் அது. நேரே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. காலை வெயிலில், பின்பக்க விளக்கு ஓரமாக உட்கார்ந்து, வண்டியின் பக்கவாட்டை நீளவாக்கில் பார். திரும்ப அடித்த பேனல் மட்டும் நிறம் மாறித் தெரியும். அடித்தளப் பார்க்கிங்கில் இருட்டுக்குள் காட்டினால் வெளியே எடுக்கச் சொல்.

இதையெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று மாப்பிள்ளை கேட்பார். மறைத்தவனுக்குத்தானே தெரியும். 1998-இல் ஒரு புரோக்கர் வெள்ளை மாருதி 800 ஒன்றைக் கொண்டுவந்தார். முன் தூணே வளைந்திருந்தது. இழுத்து நிமிர்த்தி, கீழே இருந்த துருவைச் சரியாகச் சுரண்டாமல், விரற்கனத்துக்குப் பட்டி வைத்து, வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்து, இரண்டே நாளில் கண்ணாடி மாதிரி ஆக்கிக் கொடுத்தேன். வாங்கியவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். ஐப்பசி மழை முடிந்ததும் என் பட்டறைக்கே வந்தார், என் வேலை என்று தெரியாமல். பட்டி ஈரத்தை உறிஞ்சி, பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. காசு வாங்காமல் சரிசெய்து கொடுத்தேன், காரணத்தைச் சொல்லவில்லை. உன் அம்மாவுக்குக்கூட இது தெரியாது.

சரி, விலை. விற்கிறவர் "கதவை நானே பெயிண்ட் அடிச்சுத் தர்றேன்" என்பார். ஒத்துக்கொள்ளாதே. இருப்பதிலேயே மலிவான கடையில் விட்டு எடுப்பார். கம்பெனியில் வெறும் பாடியை 140 டிகிரிக்கு மேல் சுட்டு எடுக்கிறார்கள். வயரும் பிளாஸ்டிக்கும் மாட்டிய வண்டியை வெளியே 60, 70 டிகிரிக்கு மேல் சூடு காட்ட முடியாது. பெயிண்ட் அடிக்கிற மூடிய அறை, பூத்தே இல்லாத கடையில் வெயில்தான் சூடு, தூசியும் சேர்ந்து ஒட்டும். ஒரு கோட்டுக்காக நல்ல ஒரிஜினல் பெயிண்ட் போய்விடும். அதற்குப் பதில் கதவுக்கு 5,000 ரூபாய் குறைக்கச் சொல். இன்சூரன்ஸிலும் இந்த மாதிரிச் சின்னக் கோட்டுக்குப் போகாதே. ஒரு கிளெய்ம் போட்டால் கிளெய்ம் இல்லாத வருஷங்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கிற தள்ளுபடி, அந்த நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். வண்டி கைமாறிய 14 நாளுக்குள் பாலிசியையும் உன் பெயருக்கு மாற்றிவிடு.

வண்டி வேளச்சேரியில் நின்றது என்கிறாய். 2023 டிசம்பர் வெள்ளத்தில் வண்டிக்குள் தண்ணீர் ஏறியதா என்று கேட்டுவிட்டு, பதில் என்னவாக இருந்தாலும் கால்மிதியைத் தூக்கி அடியில் இருக்கிற கார்ப்பெட்டை மோந்து பார்.

சனிக்கிழமை அட்வான்ஸ் எதுவும் கொடுக்காதே. அந்த ஃபெண்டர் போல்ட் தலைகளைக் கிட்டே போய், நிழல் விழாமல் போட்டோ எடுத்து அனுப்பு. பட்டறைப் பையனிடம் காலை பத்து மணிக்கு மேல் எந்த வேலையும் தராதே என்று சொல்லியிருக்கிறேன், போனைக் கையிலேயே வைத்திருப்பேன்.

அப்பா